அப்பாயியின் பங்கு

போன மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலக நண்பர் ஒருவர் தன் கைப்பேசியை என் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தார். பெருங்களத்தூர் பக்கம் ஒரு தனி வீடு பார்த்திருக்கிறார். திரையில் வில்லங்கச் சான்று, சுருக்கமாக ஈசி. "ஈசி போட்டுப் பார்த்துட்டேன் சார், கிளியரா இருக்கு. அட்வான்ஸ் கொடுத்துடலாம்ல?"

"விக்கிறவரோட அப்பா பேர்ல இருந்த வீடுன்னு சொன்னீங்களே, அவர் எப்போ இறந்தாரு? அப்போ அவரோட அம்மா உயிரோட இருந்தாங்களா?" என்று கேட்டேன். கல்யாண வீட்டில் கருமாதிச் செலவு பேசியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நான் வக்கீல் இல்லை. 2021 கடைசியிலிருந்து 2024 வரை அப்பா கட்டிய வீட்டை விற்று, சென்னையில் ஒரு பிளாட் வாங்கி, அந்தக் கடனை வேறு வங்கிக்கு மாற்றி என்று சார்பதிவாளர் அலுவலகப் பெஞ்சுகளில் உட்கார்ந்து தேய்ந்தவன், அவ்வளவுதான். அதனால் யார் வீடு வாங்கினாலும் விற்றாலும் என்னிடம் கேட்கிறார்கள். நானும் முதலில் இந்தச் சாவுக் கணக்கைத்தான் கேட்கிறேன். காரணம் எங்கள் அப்பாயி.

திருச்சி உறையூரில் அப்பா வாங்கிக் கட்டிய வீடு. முழுக்க அவர் சம்பாத்தியம். 2009இல் அப்பா இறந்தார், உயில் எதுவும் எழுதவில்லை. அம்மா, நான், தம்பி, தங்கை நாலு பேர். வாரிசுச் சான்று வாங்கினோம், பத்திரத்தோடு மஞ்சள் பையில் போட்டு பீரோவில் வைத்தோம். பன்னிரண்டு வருடம் கழித்து விற்கலாம் என்று முடிவானபோது தம்பிதான் சொன்னான், "நாலு கையெழுத்து, வேலை முடிஞ்சுது." தங்கைக்கும் பங்கு உண்டு என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு நகை போட்டுவிட்டதால் பெண்ணுக்குப் பங்கில்லை என்று இன்றும் நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே மகளுக்கும் சமபங்குதான். பூர்வீகச் சொத்தில்தான் 1989 தமிழ்நாட்டுத் திருத்தம், 2005 மத்தியத் திருத்தம், 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று நீண்ட கதை.

45 லட்சத்துக்கு ஆள் வந்தார். கிரைய ஒப்பந்தம் போட்டு அட்வான்ஸ் வாங்கினோம், மூன்று மாதம் கெடு. ஒப்பந்தத்தையும் பதிவு செய்தோம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பத்திரத்தாளில் எழுதி, நோட்டரி முத்திரை குத்திப் பையில் வைத்துக்கொள்கிற பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. வாங்குகிறவர் வீட்டுக் கடனுக்குப் போனார். அவர் வங்கியின் வக்கீல் லீகல் ஒப்பீனியனுக்காக எங்கள் மஞ்சள் பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"வாரிசுச் சான்றுல அஞ்சு பேர் இருக்காங்க. நீங்க நாலு பேர்னு சொல்றீங்க."

அஞ்சாவது அப்பாயி. அப்பாவின் அம்மா. பன்னிரண்டு வருடமாக அந்தத் தாளில் அவர் பெயர் எங்கள் பெயர்களுக்குக் கீழே இருந்திருக்கிறது. தாசில்தார் கையெழுத்தும் முத்திரையும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தோமே தவிர, பெயர்களை எண்ணவில்லை.

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகிறது. மனைவி, மகன்கள், மகள்கள், அப்புறம் அவரைப் பெற்ற அம்மா. அப்பா அந்தப் பட்டியலில் இல்லை, அம்மா இருக்கிறார். (இதே சாவு ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் என்றால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு, அம்மாவுக்கு இல்லை. முஸ்லிம் குடும்பத்தில் அம்மாவுக்கு ஆறில் ஒன்று.) ஆக, அப்பா கண்ணை மூடிய அந்த நிமிடமே வீட்டில் ஐந்தில் ஒரு பங்கு அப்பாயியுடையதாகிவிட்டது. அவர் கேட்கவில்லை, எழுதி வாங்கவில்லை, அவருக்கே தெரியாது. அப்பாயி 2014இல் இறந்தார். தாத்தா அதற்கு வெகு முன்பே போய்விட்டார். அப்பாயியின் ஐந்தில் ஒன்று அவர் பிள்ளைகளுக்கு மூன்றாகப் பிரிந்தது: அத்தைக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று, இறந்துபோன எங்கள் அப்பாவின் பங்கு எங்கள் மூவருக்கும். அதாவது எங்கள் அப்பா தனியாளாகக் கட்டிய வீட்டில் மணப்பாறையில் இருக்கிற அத்தைக்குப் பதினைந்தில் ஒரு பங்கு. 45 லட்சத்தில் 3 லட்சம்.

அப்பாயி அப்பாவுக்கு முன்னால் இறந்திருந்தால் இது எதுவுமே கிடையாது. நாலு கையெழுத்தில் முடிந்திருக்கும். எல்லாம் யார் முதலில் போனார் என்பதில் இருக்கிறது. வில்லங்கச் சான்றில் அந்த வரிசை எங்கே இருக்கும்?

அத்தை வீட்டுக்கு நானும் தம்பியும் போனோம். முற்றத்தில் முறம் வைத்துப் புளி தட்டிக்கொண்டிருந்தார். காபி கொடுத்தார். சொன்னோம். தம்பி வழி முழுக்க ஒத்திகை பார்த்திருந்த வாக்கியத்தைச் சொன்னான்: "சும்மா ஒரு பார்மாலிட்டிதான் அத்தை, ஒரு கையெழுத்து." அத்தை கொட்டையை ஒதுக்கிக்கொண்டே, "பங்கு இருக்கறதாலதானே கையெழுத்து கேக்கறாங்க?" என்றார். கொஞ்சம் கழித்து, "இத்தனை வருசமா எனக்கு ஒண்ணு இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலையேப்பா."

தம்பிக்குக் கோபம். திரும்பி வரும்போது பஸ்ஸில் அத்தைக்கு எங்கள் வீடு செய்த சீர்வரிசையை எல்லாம் பட்டியல் போட்டான். எனக்கும் முதல் இரண்டு நாள் கசப்புதான். பிறகு யோசித்தால் அத்தை கேட்டதில் தப்பு எங்கே இருக்கிறது? எங்கள் பங்குக்கு நாங்கள் எந்தச் சட்டத்தைக் காட்டினோமோ அதே சட்டம்தான் அவருக்கும். சித்தப்பா பணம் வேண்டாம் என்றார், கையெழுத்துக்கு வருகிறேன் என்றார். அத்தை 3 லட்சத்தை வாங்கிக்கொண்டார். எங்கள் ஆவண எழுத்தர் ஒரு நல்ல யோசனை சொன்னார். பங்கை விட்டுக்கொடுப்பதாகத் தனியாக விடுதலைப் பத்திரம் போட்டால் அதற்கு ஒரு முத்திரைத்தீர்வை, ஒரு பதிவுக் கட்டணம், இன்னொரு நாள் அலைச்சல். கிரையப் பத்திரத்திலேயே அத்தையையும் சித்தப்பாவையும் எழுதிக்கொடுப்பவர்களாகச் சேர்த்துவிடலாம் என்றார். அப்படியே செய்தோம். அத்தை பெயருக்கே தனி டிமாண்ட் டிராப்ட்.

இதற்கு நடுவே இன்னொன்று. எங்கள் வில்லங்கச் சான்றிலேயே ஒரு வில்லங்கம் இருந்தது. வீடு கட்ட அப்பா 1988இல் ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தில் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தார். 2001இல் கடைசித் தவணை கட்டிய ரசீதுச் சீட்டு இருக்கிறது, பத்திரமும் கைக்கு வந்துவிட்டது. ஆனால் கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யவில்லை. பதிவேட்டைப் பொறுத்தவரை அப்பா இறந்து பன்னிரண்டு வருடம் ஆன பிறகும் கடன்காரர்தான். சங்கத்தின் பழைய பேரேட்டைத் தேடி எடுக்கவே மூன்று வாரம் ஆனது. எடுத்துக் கொடுத்த ஊழியர் தூசியைத் தட்டி, "பெரும்பாலும் யாரும் செய்யறதில்ல சார், விக்கும்போதுதான் ஓடி வர்றாங்க" என்றார். கடன் முடிந்தவுடன் பத்திரத்தை வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறோம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு நடை போக வேண்டும்.

சரி, ஈசியில் என்னதான் இருக்கிறது? நாம் கேட்ட தேதிகளுக்குள், அந்தச் சொத்தைப் பற்றி யாராவது வந்து பதிவு செய்த ஆவணங்களின் பட்டியல். பதிவு எதுவும் இருந்தால் படிவம் 15, இல்லாவிட்டால் படிவம் 16. அந்தப் படிவம் 16 கையில் கிடைத்ததும் ஜனங்கள் முகத்தில் வருகிற நிம்மதி இருக்கிறதே! உயில், பதிவு செய்ததாகவே இருந்தாலும், வேறு புத்தகத்தில் ஏறுகிறது, ஈசியில் வராது. வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டது வராது. பதிவு செய்யாமல் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் வராது; அதற்கு செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டில் ஒரு சிறு கட்டணம் கட்டித் தேடலாம். நீதிமன்றத்தில் ஓடுகிற பாகப்பிரிவினை வழக்கை ஈகோர்ட்ஸ் தளத்தில் விற்கிறவர் பெயரைப் போட்டுத்தான் தேட வேண்டும். மணப்பாறை முற்றத்தில் புளி தட்டுகிற அத்தையை எங்கே தேடுவது?

"ரெஜிஸ்டர் ஆயிடுச்சுன்னா கவர்ன்மென்ட்டே ஒத்துக்கிட்ட மாதிரிதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. இன்னார் வந்தார், இதை எழுதிக்கொடுத்தேன் என்று ஒத்துக்கொண்டார், கட்டணம் கட்டினார் என்பதற்குத்தான் பதிவு சாட்சி. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில், முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்ற 55-ஏ(1) செல்லாது என்று சொன்ன உச்ச நீதிமன்றமும், எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளர் வேலை இல்லை என்றுதான் சொன்னது. பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த் துறையின் பதிவு. பட்டா இல்லாத சொத்தை வாங்கக் கூடாது, பட்டா மட்டும் இருக்கிற சொத்தையும் வாங்கக் கூடாது.

கிரையப் பத்திரம் எழுதிய நாளில் ஒரு கூத்து. தம்பி சொத்து விவரத்தைப் படித்துவிட்டு அலறினான். பக்கத்து வீட்டுக்காரர் எங்களுக்கு வடக்கே இருக்கிறார். பத்திரத்தில் அவர் பெயருக்கு நேரே "தெற்கு" என்று இருக்கிறது, திசையே தப்பு என்றான். ஆவண எழுத்தர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். "இன்னார் வீட்டுக்குத் தெற்கு"ன்னா, அவர் வீட்டுக்குத் தெற்கே இருக்கறது உங்க இடம், தம்பி. நான்கெல்லையை நம் இடத்தில் நின்று படிக்கக் கூடாது, எல்லையில் நின்று படிக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் எழுதிவருகிறார்கள், எங்கள் தலைமுறைதான் தப்பாகப் படிக்கிறது. பிழை வேறு இடத்தில் இருந்தது. தங்கையின் கதவு எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. பதிவுக்குப் பிறகு கண்டுபிடித்திருந்தால் பிழைதிருத்தல் பத்திரம், மறுபடி அத்தனை பேரையும் கூட்டுவது. வரைவைப் படிக்க ஒரு முழு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம் வாங்குகிறவர் தலையில். 2017இல் வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு குறித்து வைக்கிற விலை) மூன்றில் ஒரு பங்கு குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 1இலிருந்து 4 ஆக்கினார்கள். 2023 ஏப்ரலில் கட்டணத்தை 2 ஆக்கிவிட்டு மதிப்பைப் பழையபடி ஏற்றினார்கள். குறைந்ததா கூடியதா என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். செலவு மிச்சமாக "பத்திரத்துல கம்மியா போட்டு மீதியை கையில வாங்கிக்கலாமே" என்று தரகர் சொன்னார். வாங்குகிறவர்தான் மறுத்தார், கெட்டிக்காரர். குறைத்துப் போட்டால் அவருக்குக் கடன் குறையும், நாளைக்கு அவர் விற்கும்போது இல்லாத லாபத்துக்கெல்லாம் வரி கட்டுவார். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கைமாறினால் வருமான வரித் துறை அதே தொகையை அபராதமாகக் கேட்கலாம்.

பிளாட்டுக்கு வருகிறேன். 2022 மார்ச்சில் வாங்கியது, 58 லட்சம், ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தது. 50 லட்சத்தைத் தொட்டுவிட்டால் வாங்குகிறவர்தான் விற்கிறவர் கணக்கில் 1 சதவீதம் வரியை (டிடிஎஸ்) பிடித்துக் கட்ட வேண்டும். 58,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு கொடுத்தபோது விற்றவர் என்னை மோசடிக்காரன் மாதிரி பார்த்தார். அவர் ஆடிட்டரிடம் பேசிய பிறகுதான் முகம் தெளிந்தது. இங்கும் நான் கேட்ட முதல் கேள்வி சாவைப் பற்றித்தான். அந்த அடுக்குமாடியைக் கட்டியவர் நில உரிமையாளரிடம் பவர் (அவர் சார்பில் கையெழுத்துப் போடும் அதிகாரம்) வாங்கி, ஒவ்வொரு பிளாட்டுக்கும் உரிய நிலத்தின் பிரிபடாத பங்குகளை விற்றிருந்தார். பவர் கொடுத்தவர் இறந்த நிமிடத்தில் சாதாரணப் பொது அதிகார ஆவணம் செத்துவிடுகிறது. அதன் பிறகு ஏஜென்ட் போட்ட கையெழுத்தை நம்பி வாங்கினால் நீதிமன்றப் படிதான். உரிமையாளர் இறந்த தேதியையும் முதல் கிரையத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் ஏழு மாதம் இருந்தது, நல்லவேளை, சரியான திசையில். இப்போதெல்லாம் பவர் ஏஜென்ட் விற்கும்போது பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று மருத்துவரின் சான்று கேட்கிறார்கள். பவர் ஆவணத்தையே கிரையம் மாதிரி வைத்துக்கொண்டு குடியிருப்பவர்களுக்கு 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அது விற்பனையே ஆகாது.

கடன் கதை சுருக்கமானது. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற ரெப்போ வட்டி 4 சதவீதமாக இருந்தபோது வாங்கினேன். பதினோரு மாதத்தில் அது 6.5 ஆனது. தவணையும் ஏறியது, காலமும் நீண்டது. 2024இல் வேறு வங்கி குறைந்த வட்டிக்கு டேக் ஓவர் செய்வதாக வந்தது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கிடையாது என்பதால் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய வங்கியின் அடமானத்துக்கு ரசீது பதிய வேண்டும், புது வங்கிக்கு உரிமைப் பத்திர ஒப்படைப்பு ஆவணம் பதிய வேண்டும். அதற்குக் கடனில் அரை சதவீதம் முத்திரைத்தீர்வை, ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம், இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 40 லட்சத்துக்கு 26,000 வந்தது, வங்கியின் செயல்முறைக் கட்டணம் தனி. இதைச் சொல்லாமல் வட்டி வித்தியாசத்தை மட்டும் காட்டுகிறார்கள். முதலில் பழைய வங்கியிலேயே போய் வட்டியைக் குறைக்கக் கேளுங்கள். சில ஆயிரம் வாங்கிக்கொண்டு பல வங்கிகள் குறைக்கும். என் வங்கி முடியாது என்றது, அதனால் மாறினேன். கடன் முழுவதும் அடைந்த முப்பது நாளில் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி, 2023 டிசம்பர் முதல். என் பத்திரங்கள் இருபத்தாறாவது நாள் வந்தன. பத்திரம் கொடுக்கும்போது வாங்கி வைத்த பட்டியலோடு ஒப்பிட்டால் அசல் தாய்ப்பத்திரம் (சொத்தின் முந்தைய பத்திரம்) ஒன்று இல்லை. பட்டியலை மேசையில் வைத்த பிறகு, மறுநாள் கிடைத்துவிட்டது. அந்தப் பட்டியல் தாள் என்னிடம் இல்லாமல் இருந்திருந்தால் என்ன பேசியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

புது வங்கிக்குத் தாள்களை அடுக்கிய அன்று ராத்திரிதான் எனக்கு உறைத்தது. பிளாட் என் பெயரில் மட்டும் இருக்கிறது. உறையூர் வீட்டை விற்றபின் அம்மா எங்களோடுதான் இருக்கிறார். நாளைக்கே எனக்கு ஏதாவது ஆனால் வாரிசுகள் மூன்று பேர்: மனைவி, மகள், அம்மா. அம்மாவுக்குப் பிறகு அந்த மூன்றில் ஒன்று தம்பிக்கும் தங்கைக்கும் என் மகளுக்கும் பிரியும். என் மனைவி கையில் பையோடு தம்பி வீட்டு வாசலில் நின்று, ஒரு பார்மாலிட்டிதான் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்த வாரமே உயில் எழுதினேன். வீடு மனைவிக்கு, அம்மா உள்ளவரை அவருக்கு அதில் குடியிருக்கும் உரிமை. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சிகள் போதும். இருந்தாலும் பதிவு செய்தேன். சாட்சிகள் இரண்டு பேரும் அலுவலக நண்பர்கள். அதில் ஒருவர்தான் இப்போது பெருங்களத்தூர் வீட்டுக்காரரின் பாட்டி இறந்த தேதியைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

உயிலை மஞ்சள் பையில் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.